மேல் வீட்டில் குக்கர், கீழ் வீட்டில் மூடி

குக்கர் மேல் வீட்டில் இருந்தது. மூடி கீழ் வீட்டில் இருந்தது. நடுவே, மாடிப்படியில், கடைக்குட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் பாத்திரங்களைப் பங்கு பிரித்ததில் அப்படி ஆகிவிட்டதாம். "மூடியைக் கேட்டா கீழ இருக்கிற உன் சின்னக்கா கொடுக்க மாட்டேங்கிறா. நீ வந்தாதான் சரிப்படும்" என்று மேல் வீட்டுப் பெரியக்கா போன் செய்திருந்தாள். போன வாரம் துணிக்கொடித் தகராறு. அதற்கு முந்தின வாரம் மாடியிலிருந்து தண்ணீர் சொட்டிய தகராறு.

அம்மா போன பிறகு கடைக்குட்டி அந்தப் பக்கமே வராமல்தான் இருந்தாள். ஊரின் மறுகோடியில் அவளுக்கு ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அம்மா இல்லாத அந்த வாசலைப் பார்க்க மனதில் தெம்பில்லை. அக்காக்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று கேட்டதும்தான் ஓடி வந்தாள். அன்றிலிருந்து ஒரே ஏக்கம்: பழையபடி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூட யோசித்து வைப்பாள்.

அவள் ஓர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருக்கிறாள். சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க அங்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவருக்கும் பொதுவானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பெரியக்காவிடம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு திருப்பிச் சொன்னாள்.

"அப்போ, சின்னக்காவுக்குத் தன்னைத் தவிர வேற நினைப்பே இல்லைங்கிறே."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?" பெரியக்கா மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கடைக்குட்டி யாரையோ சுயநலக்காரிங்கிறா! கேட்க வேண்டியவங்க கேட்டுக்கட்டும்!"

கீழிருந்து சின்னக்கா சுவரிடம் பதில் சொன்னாள். "சொல்லட்டும், சொல்லட்டும். தூக்கி வளர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கடைக்குட்டி அரை மணி நேரம் கெஞ்சி, படி திரும்பும் இடத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள்.

"நான் ஏன் ஏறணும்? அவளை இறங்கி வரச் சொல்லு. எனக்கு முட்டி வலி."

"எனக்கு மட்டும் வலிக்காதா? எனக்கும்தான் முட்டி வலி."

கடைக்குட்டியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு கிடைச்சிருச்சு!"

அதன் பிறகு யார் முட்டி அதிகம் வலிக்கிறது என்று சண்டை தொடங்கியது.

கடைசியில் கடைத்தெருவுக்கு ஓடினாள். மூடியோடு ஒரு புதுக் குக்கரை வாங்கிவந்து காலி நாற்காலி ஒன்றில் வைத்தாள்.

"அம்மா குக்கருக்குப் பதிலா இதுவா?" என்று மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. "நாளைக்கு அம்மாவையே புதுசா வாங்கிட்டு வருவியா?"

கடைக்குட்டி அழுதுவிட்டாள். அலுவலகத்தில் எத்தனை பேர் கத்தினாலும் அழாதவள் அவள்.

"ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம்னுதானே நான் நாயா அலையறேன்? முடியலக்கா. இனிமே நான் வரல. நீங்க எப்படியோ போங்க."

 சின்னக்கா கீழிருந்து அவசரமாகச் சொன்னாள்:

"இருடி, போகாதே! கொடி விஷயம் இன்னும் பாக்கி இருக்கு."

"அதைப் போன வாரமே தீர்த்தாச்சே!"

"மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு" என்றாள் பெரியக்கா மேலிருந்து.

கடைக்குட்டி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பு மாட்டக் கண் தெரியவில்லை. வலதை இடதில் நுழைத்துக்கொண்டு நின்றாள்.

வாசல் வெளிச்சத்தில் பெரிய அத்தான் கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ஏதோ ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிடும் என்பதுபோல எப்போதும் மூடியே வைத்திருக்கும் மனிதர்.

"வர்றேன் அத்தான். இந்த ஜென்மத்துல இவங்க சேர மாட்டாங்க."

அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றினார். மாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அழாதேம்மா. நேத்து ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டேதான், இந்த வாரம் எதுக்குச் சண்டை போட்டா நீ வருவேன்னு யோசிச்சாங்க."