ரோசாவின் கன்னம் குறித்து பிரான்சுவா மச்சானுக்கு

புதுச்சேரி,
வியாழக்கிழமை காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பிரான்சுவா மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரோசாவின் கணவன் டோனி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், ரோசா, பெனிஷா மூவரும் சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரில் தாங்களும் என் அக்கா ஜாக்லினும் இருமல் சளி இல்லாமல் இருக்க ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ரோசா அடுப்படியில் இருந்தபடியே இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுவிடுகிறாள், அதனால்தான்.

விஷயம் ரோசாவின் கன்னம். அடுத்த மாதம் பெனிஷாவுக்குக் கல்யாணம் என்று ஆனதிலிருந்து உங்கள் தங்கை கண்ணாடி முன்னால் நின்று, மூக்குக்கும் வாய்க்கும் நடுவே விழுந்திருக்கும் கோட்டை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஃபில்லர் என்று ஒரு ஊசி இருக்கிறதாம், போட்டால் கோடு மறைந்துவிடுமாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு தோல் கிளினிக்குக்குப் போனாள். அங்கே டாக்டர் சுடர்விழி என்று ஒரு சின்ன வயசுப் பெண், கெட்டிக்காரி. இதற்கு முன் முகத்தில் ஊசி ஏதாவது போட்டதுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ரோசா அதில் "காய்ச்சலுக்கு, இடுப்பில்" என்று எழுதினாள். டாக்டர் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, உள்ளே என்னவோ கட்டியாக இருக்கிறதே என்றார். ரோசா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தாள். நான் சும்மா இருக்கலாம் அல்லவா, இருக்கவில்லை. "அது பரம்பரைக் கன்னம் டாக்டர், இவங்க அண்ணனையே பாருங்க" என்று உங்கள் படத்தைப் போனில் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இவருக்குக் கன்னமே இல்லையே" என்றார். மன்னிக்கவும் மச்சான், டாக்டர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அப்புறம்தான் உங்கள் தங்கை வாயைத் திறந்தாள். இருபத்து நாலு வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தாளே, அப்போது யாரோ ஒரு பெண்மணியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய் இரண்டு கன்னத்திலும் சிலிக்கான் ஊசி போட்டுக்கொண்டு வந்தாளாம். அந்தப் பெண்மணி டாக்டர்கூட இல்லையாம். டாக்டரிடம்தான் பரம்பரைக் கன்னம் என்றேன். இத்தனை வருஷமும் அந்தக் கன்னம் நான் வாங்கிப் போட்ட வஞ்சிரத்தால் வந்தது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் மணியம்மாள் அதை நம்பி, ஒல்லியாக வருகிற பெண்களிடமெல்லாம் என் பெயரைச் சொல்லி மீன் விற்றிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று டாக்டர் எதிரிலேயே கேட்டேன். ரோசா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க ஜாக்லின் அக்கா நாலு பேருக்கு முன்னால என்னைக் கருவாடுன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க." எனக்கு அது நினைவே இல்லை மச்சான். அவளுக்கு அன்று நான் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட நினைவிருக்கிறது.

பிறகு கன்னத்தில் குளுகுளுவென்று எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். திரையில் நீங்கள் அனுப்பும் குளிர்காலப் படம் மாதிரி ஒரே பனி. அதுதான் சிலிக்கானாம். அது தானாகக் கரையாது, நினைத்த மாத்திரத்தில் எடுக்கவும் முடியாது என்றார் டாக்டர். "இத்தனை வருஷமா சும்மா இருக்குது மேடம். அதே இடத்துல ஃபில்லர் போட்டா அது முழிச்சிக்கலாம். வீங்கும், கட்டி கட்டியா வரும், சீழ்கூட வைக்கலாம். இப்ப போடுற ஃபில்லர் சரியில்லன்னா கரைக்க மருந்து இருக்கு. பழைய சிலிக்கானுக்கு அது கிடையாது. எல்லாருக்கும் இப்படி ஆவும்னு சொல்லல. உங்க கன்னத்துல நான் போட மாட்டேன்" என்றார். முகம் எப்போதாவது சிவந்தாலோ வீங்கினாலோ உடனே வரச் சொன்னார்.

ரோசா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மறுபடி கண்ணாடி முன்னாலேயே நின்றாள். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். பெனிஷாவைக் கேட்டால், "அம்மா லாஸ்பேட்டை பார்லருக்குப் போயிருக்காங்கப்பா, அங்க எதையும் கேக்காம ஊசி போடுவாங்களாம்" என்கிறாள். ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட் என்று நினைத்துத் தலையில் மாட்டியதைச் சிக்னலில் பார்த்தால் பெனிஷாவின் ரோஸ் கலர் ஹெல்மெட். அதோடு பெண்கள் மட்டும் என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியில் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும் கண் மேல் வெள்ளரிக்காயுமாக ஓர் உருவம் சாய்ந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "ரோசா, வேணாம் ரோசா, அன்னிக்குச் சிரிச்சது என் தப்பு, நீ எப்படி இருந்தாலும் எனக்குப் போதும்" என்று தழுதழுத்துவிட்டேன். வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது நம் பங்குச் சாமியாரின் தங்கை.

ரோசா எனக்குப் பின்னால், கைப்பையோடு வாசலுக்குக் கிளம்பிய நிலையில் நின்றிருந்தாள். "நான் இங்க இருக்கேன், அந்தம்மா கைய வுடுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், போட்டுக்கொண்டாயா என்று. "சிலிக்கான் இருக்குதுன்னு நானேதான் சொன்னேன். அந்த பார்லர்காரி அது ஒன்னும் ஆவாது அக்கான்னு சொல்லிக்கினே ஊசிய எடுத்தா. அந்த டாக்டரம்மா எவ்ளோ கேள்வி கேட்டாங்க, இவ ஒன்னுமே கேக்கல. பயந்துட்டேன், எழுந்துட்டேன்" என்றாள். பிறகு ஸ்கூட்டரில் ஏறி, கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக, நடு ரோட்டில் என் தோளில் தலை சாய்த்தாள். ரோஸ் ஹெல்மெட்டோடு நான் காலாப்பட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். வீடு எதிர்த் திசையில் இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், தங்கள் தங்கை இந்தக் கல்யாணத்துக்கு இப்போது இருக்கிற முகத்தோடேயே வருவாள். எனக்கும் இதில் ஒரு ஞானம் வந்திருக்கிறது. வயசு ஏறினால் முகத்தில் கோடு விழத்தான் செய்யும், அதை மறைக்க நினைப்பது பேதைமை. அப்படியே டாக்டரிடம் போனாலும் ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. புருஷன் பெண்சாதிக்குள்ளே ரகசியம் அறவே கூடாது. ஜாக்லின் அக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டவும். அன்று கருவாடு என்றதற்காக அக்கா மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

கல்யாணத்துக்கு இருவரும் பத்து நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். மாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
டோனி

பி.கு.: நேற்று ரோசாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கப் போன இடத்தில், என் கண்ணுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பற்றி டாக்டரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். முன்பு ஊசி எதுவும் போடாத முகம் என்பதால் செய்யலாம் என்றார். படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஊசி. கல்யாணத்தில் யாராவது கேட்டால் ரிட்டயர் ஆன நிம்மதி என்று சொல்லிவிடுங்கள். ரோசாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணா, ரோசா எழுதறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி பெனிஷாகிட்ட கொடுத்தாரு, அவ எங்கிட்ட கொடுத்துட்டா. போன வருஷம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேந்து இவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறாரு. ஃபாரத்துல மாத்திரை எதுவும் இல்லன்னு எழுதிட்டு வந்துருக்காரு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டு நான்தான் சொன்னேன். ஊசி போட்டா முகமெல்லாம் ரத்தம் கட்டிக்குமாம், இதயத்து டாக்டரைக் கேக்காம தொட மாட்டேன்னுட்டாங்க. இவருக்கு இன்னும் தெரியாது. திங்கக்கிழமைக்கு நல்ல சட்டையா ஒன்னு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். போய்ட்டு வரட்டும்.