கண்ணுக்குத் தெரியாத தூளும் தூள் அக்காவும்

புற்றுநோயைப் பற்றி வாய் ஓயாமல் பேசி, கேட்பவர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற ஆள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருத்திதான் உண்டு. அவள்தான் எங்கள் தூள் அக்கா.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி. பூதலூர்ப் பக்கத்துப் பெண். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள் அடைத்து, வழியில் எங்கும் சிந்தாமல் நேரே புற்றுநோய்க் கட்டியில் கொண்டுபோய் இறக்குவது அவளுடைய ஆராய்ச்சி. முதல் நாள், என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். “தூள் பண்றேன்” என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் வார்டனே மைக்கில், “தூள், உங்களப் பாக்க ஆள் வந்துருக்காங்க” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் பிள்ளையார் சதுர்த்தி அன்று மெஸ்ஸில் கொழுக்கட்டைக்கு முதல் ஆளாக நிற்பாள். ஒரு தடவை கொழுக்கட்டையைக் கையில் எடுத்ததும் அவளுக்கு ஆராய்ச்சி ஞாபகம் வந்துவிட்டது. பூரணம்தான் மருந்தாம், மேல்மாவுதான் துகளாம். வெளியாள் யார் வந்தாலும் பிடித்து விழுங்குகிற காவல்காரர்கள் கல்லீரலில் இருக்கிறார்களாம், அவர்கள் கையில் சிக்காமல் இருக்கத் துகளுக்கு ஒரு வழுக்குப் பூச்சு வேண்டுமாம். சொன்னதோடு விட்டாளா? கொழுக்கட்டை மேல் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி மெஸ்காரம்மாவிடம் நீட்டி, “புடிங்க பாப்போம்” என்றாள். அது அந்த அம்மாவின் கையிலிருந்து வழுக்கி, மேசையில் உருண்டு, சாம்பார் அண்டாவுக்குள் போய் விழுந்தது. அன்றைய சாம்பாரில் தேங்காய்ப் பூரணம் மிதந்தது. நாங்கள் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். அவளுக்கு மட்டும் பூச்சு வேலை செய்த சந்தோஷம்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை இதற்கும் மேலே. புற்றுநோய் என்ற வார்த்தையை எடுக்கவே கூடாது என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். பாவம், மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கு, என்னம்மா படிக்கிறே என்று கேட்டுத் தொலைத்தார். அவர் காலமெல்லாம் வாய்க்காலோடும் மடையோடும் மல்லுக்கட்டியவர். இவளும் அவர் பாஷையிலேயே ஆரம்பித்தாள். கட்டி அவசர அவசரமாக வளருகிறது, அதனால் அதன் ரத்தக்குழாய் அரைகுறையாகப் போட்ட கரை மாதிரி அங்கங்கே கசியும், துகள் அந்த ஓட்டை வழியே உள்ளே போய்விடும், வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்கிவிடும் என்றாள்.

பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப எல்லாக் கட்டியிலயும் இப்படிக் கசியுமாம்மா?”

“அதாங்க பிரச்சனையே. எலிக்கு நல்லாக் கசியுது. மனுஷங்கள்ல ஒருத்தருக்குக் கசியுது, ஒருத்தருக்குக் கசிய மாட்டேங்குது.”

இரண்டு ரவுண்டு காபி ஆனது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை, தன் வீட்டுக்குப் போனதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அப்பா மட்டும் இன்றைக்கும் போன் பண்ணி, தூள் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்.

இந்த நேரத்தில்தான் என் அம்மாவுக்குச் சினைப்பையில் வந்த புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பி வந்தது. எங்கள் ஊர் திருப்பனந்தாளிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். கொழுப்பாலான நானோ உருண்டைக்குள் அடைத்த சிவப்பு மருந்து ஒன்றை டிரிப்ஸில் ஏற்றினார்கள். முதல் தடவை ஏற்றிய பிறகு அம்மாவின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. அடுத்த ஊசிக்கு வந்தபோது, இனிமேல் ஊசியே வேண்டாம் என்று அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். எதுவும் எடுபடவில்லை.

தூள் அக்கா வந்தாள். பாடம் நடத்தப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ அம்மாவின் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாதான் திரும்பினார்.

“நீதானே இந்த மாதிரி மருந்தெல்லாம் பண்றவ? இது என்னக் காப்பாத்துமா?”

“தெரியாதும்மா. நான் பண்றது இன்னும் எலியவே தாண்டல. இது வேற, நெறைய பேருக்குக் கேட்டிருக்கு. கை எரியிறத டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

அம்மா சொல்லவில்லை. படித்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூச்சமாம். தூள் அக்கா அப்போதே கையோடு கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அளவைக் குறைத்தார், கை ஆறட்டும் என்று அடுத்த ஊசியைத் தள்ளிப் போட்டார், ஏற்றும்போது கையிலும் காலிலும் ஐஸ் பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தள்ளிப் போட்ட அந்த ஊசியின்போது பொட்டலங்களைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவள் தூள் அக்காதான். ஆய்வகத்திலிருந்து தப்பிய எலி ஒன்று புரொபசரின் சாப்பாட்டுப் பையில் வீடு வரைக்கும் போன கதையை, எலியாகவும் புரொபசராகவும் அவர் மனைவியாகவும் மாறி மாறிச் சொன்னாள். மாதக் கணக்கில் சிரிக்காத அம்மா சிரித்த சிரிப்பில் டிரிப்ஸ் ஸ்டாண்டு ஆடியது. அதட்ட வந்த நர்ஸ், எலி கடைசியில் என்ன ஆனது என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. இன்னும் சில ஊசிகள் பாக்கி. ஊருக்குத் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஆட்டோவில் அம்மா சொன்னார்: “அடுத்த ஊசிக்கு நீ லீவு போட வேணாம். அந்தப் பொண்ணு வந்தாப் போதும்.”

நான் லீவு போட்டேன். அவள் பேசுவதைக் கேட்க எனக்கும் கட்டில் ஓரமாய் ஓர் இடம் வேண்டியிருந்தது.