காதலுக்கு ஒரு மதிப்பீட்டாளர்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து காதலுக்காகச் செய்யப்பட்ட சேவைகளையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். மூன்றாவது மாடி மதிப்பீட்டாளர் அம்மையார் சோபாவை விட்டு எழுந்திருக்காமலே செய்த சேவையை இன்னொரு தட்டில் வையுங்கள். அம்மையாரின் தட்டு தரையைத் தொடும். சோபாவின் எடையைக் கழித்த பிறகும் தொடும்.

அம்மையாருக்கு வேலை வாகனக் காப்பீட்டுக் கம்பெனியில். நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, "இது இப்போது நசுங்கியது அல்ல, ஏற்கெனவே நசுங்கியது" என்று அறிக்கை எழுதுவார். அவர் எழுதினால் எழுதியதுதான். காரின் சொந்தக்காரர் அழுது புரண்டாலும் சல்லிக்காசு பெயராது. இப்படிக் கல்லாய் இருந்த நெஞ்சைத்தான் தாய்லாந்து, கொரியா, ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளிலிருந்து வாராவாரம் வந்து இறங்கும் பி.எல். தொடர்கள் கரைத்துவிட்டன. பி.எல்., அதாவது 'பாய்ஸ் லவ்', என்றால் என்னவென்று கேட்கும் அப்பாவிகளுக்கு: இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் காதலிப்பார்கள். அதைப் பார்த்து மூன்றாவதாக ஒருவர் அழுவார். அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் இந்தக் கலையே இல்லை.

இந்தக் கலைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. நாயகன் தடுக்கி விழ வேண்டும். தரையில் விழக் கூடாது, மற்றவன் கையில் விழ வேண்டும். மழை வர வேண்டும். குடை ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தே தீர வேண்டும். மற்றவன் நெற்றியில் ஈரத்துணி வைக்க வேண்டும். இருவரும் பொறியியல் கல்லூரி மாணவர்களாக இருப்பது உத்தமம். பொறியியல் படிப்பதை யாரும் காட்ட வேண்டியதில்லை.

அம்மையார் ஒரு ரசிகர் பேரவையில் 'கொள்கைபரப்புச் செயலாளர்' பொறுப்பு வகித்தார். பல நாட்டுப் பெண்கள் செல்போன் வழியே கூடி அழும் அமைப்பு அது. ஒருமுறை, தொடரில் காதலனாக நடித்த பையன் நிஜத்தில் ஒரு பெண்ணோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டதை யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பேரவை துக்கம் அனுஷ்டித்தது. அம்மையார் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

"பாவம், பையனுக்கு வெயிலா இருந்திருக்கும், ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கான்," என்றார் கணவர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

"உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது? என்னிக்காவது என்னை ஸ்லோமோஷன்ல திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

"முட்டி வலி வந்ததுல இருந்து நான் எதைப் பாத்தாலும் ஸ்லோமோஷன்தான்டி."

இப்படிப்பட்ட ரசனைகெட்ட சூழ்நிலையில்தான் அம்மையார் காதலை வளர்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் இரண்டு ஆண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். உச்சந்தலை வழுக்கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. மற்றவர் லிஃப்ட் மெக்கானிக். தொப்பை, எப்போதும் கிரீஸ் வாசனை. இருவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. பெரியம்மா பையன், சித்தி பையன் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிடமும் அதை நம்பி, மேற்கொண்டு கேட்காமல் விட்டிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் மருந்துக் கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, ஒரு விஷயம். நடுச்சுவர் ரொம்ப மெலிசு. நீங்க பாக்கறது எல்லாம் எங்களுக்குக் கேக்கும்."

"சத்தத்தைக் குறைக்கணுமா தம்பி?"

"ஐயோ, வேண்டாம்க்கா. நீங்க அந்தப் பசங்களுக்காக அழறீங்கல்ல, அதுவும் கேக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்போம். எங்களுக்காக இதுவரைக்கும் யாரும் அழுததே இல்லக்கா. அதான், உங்ககிட்ட மட்டுமாவது சொல்லிடலாம்னு..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க பெரியம்மா பையன், சித்தி பையன் எல்லாம் கிடையாது."

அம்மையாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரையிலிருந்து இறங்கி வந்து காலிங்பெல் அடித்திருக்கிறது காதல்! அவரைப் பிடித்து இழுத்து சோபாவில் உட்காரவைத்தார்.

"முதல்ல எப்படிப் பாத்துக்கிட்டீங்க? மழையா?"

"இல்லக்கா, லிஃப்டு. நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"ரெண்டு பேருமா? உள்ள? இருட்டுல?"

"நான் மட்டும்தான்க்கா உள்ள. அவர் வெளிய இருந்து ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தார். எனக்கு இழுப்பு வேற. பயந்து செத்துட்டேன். கதவு திறக்கற வரைக்கும் அவர் வெளிய இருந்து பேசிக்கிட்டே இருந்தார்."

"என்ன பேசினார்? சொல்லுங்க, சொல்லுங்க."

"'மூச்சு விடுங்க சார், மெதுவா விடுங்க சார்'னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. இன்னிக்கு வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார்."

அம்மையாருக்கு உள்ளுக்குள் சப்பென்று போய்விட்டது. நடுவில் இரும்புக் கதவு. முகத்தை முகம் பார்க்கவில்லை. பின்னணி இசைக்கு வழியே இல்லை. இருந்தாலும் பெருந்தன்மையோடு, "பரவாயில்லை தம்பி, தலைக்குக் கொஞ்சம் மை அடிச்சா அவர் நல்லாத்தான் இருப்பார்," என்று தைரியம் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இந்த வீட்டை விட்டா எங்களுக்குச் சேர்ந்து இருக்க வேற இடம் கிடையாது. ஊரெல்லாம் தேடிட்டோம். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகணும், அவர் வெளியூர்ல கம்பெனி ரூமுக்குப் போகணும்."

"என் உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்!"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. விரல்தான் போயிற்று. அவருடைய செல்போனில் பேரவைக் குழுவும் குடியிருப்போர் சங்கக் குழுவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பேரவைக் குழுவின் முகப்பில் இரண்டு பையன்கள். சங்கக் குழுவின் முகப்பில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. ஆனந்தக் கண்ணீரில் எது தொட்டி, எது பையன்கள் என்று தெரியவில்லை போலிருக்கிறது. "தோழிகளே! என் பக்கத்து வீட்டிலேயே ஒரு நிஜ ஜோடி!! மருந்துக் கடை + லிஃப்ட்!! நான் செத்தேன்!!!" என்ற செய்தி, மோட்டார் ரிப்பேர் அறிவிப்புக்கும், காயப்போட்ட துண்டைக் காணோம் என்ற புகாருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

பதறிப்போய் அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அந்த இடத்தில் வந்ததால், அதுவரை கவனிக்காதவர்களும் கவனித்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், உடனே அவசரக் கூட்டம் அறிவித்தார். வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தபடியே 'சங்கம் எதைச் சொல்கிறதோ அதுவே எனக்குச் சம்மதம்' என்று ஜனநாயகத்துக்குத் தலைவணங்கினார்.

இரண்டு பேரும் அம்மையாரிடம் வந்தார்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று அம்மையார் எதிர்பார்த்து, அழுவதற்குத் தயாராக இருந்தார். அவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு பெரிய துரோகத்துக்கு ஒரு பூச்சாடியாவது உடைய வேண்டாமா?

"நடந்தது நடந்துபோச்சுக்கா," என்றார் மெக்கானிக். "கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இவங்களும் ஒரு குடும்பம்தான்னு. அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்."

"ஒரு வார்த்தை என்ன தம்பி, ஒரு பிரசங்கமே பண்றேன்!"

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடியது. முதல் தீர்மானம்: பழுதான லிஃப்டைக் கூலி வாங்காமல் சரிசெய்துகொடுத்த மெக்கானிக்குக்குச் சங்கத்தின் நெஞ்சார்ந்த நன்றி. கைதட்டலோடு நிறைவேறியது. இரண்டாவது தீர்மானம்: அதே மெக்கானிக்கையும் கூட இருப்பவரையும் காலி செய்யச் சொல்வது.

"எனக்குத் தனிப்பட்ட முறையில யார்மேலயும் வருத்தம் கிடையாது," என்றார் தலைவர். "நான் பரந்த மனசுக்காரன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. குடும்பம்னா தாராளமா இருக்கலாம். குடும்பம் இல்லாம ரெண்டு தனி ஆம்பளைங்கன்னா இருக்கக் கூடாது. நீங்க குடும்பமா?"

"ஆமா சார்," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"ஆதாரம்?"

"சேர்ந்துதான் சார் இருக்கோம். அவருக்குச் சர்க்கரை. நான்தான் ஊசி போடறேன். எனக்கு இழுப்பு வந்தா அவர்தான் பக்கத்துல..."

"ஊசி நர்ஸ்கூட போடுவாங்க." தலைவர் அம்மையார் பக்கம் திரும்பினார். "இந்த விஷயத்துல நமக்கெல்லாம் ஞானம் பத்தாது. அம்மா வருஷக்கணக்கா இந்தத் துறையிலயே இருக்காங்க. துறை நிபுணர். அவங்க குடும்பம்னு சொல்லிட்டா, குடும்பம். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

மருந்துக் கடைக்காரர் அம்மையாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்துக் கல்லும் 'குடும்பம்' என்று சொல்லியிருக்கும். அம்மையார் எழுந்தார். காதலுக்கு மொழி கிடையாது, சப்டைட்டில் போதும் என்றார். எல்லை கிடையாது என்றார், விசா கிடையாது என்றார். பலத்த கைதட்டல். அத்தோடு அவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் 'துறை நிபுணர்' என்ற சொல் அவர் தலைக்குள் ஏறிவிட்டது. தட்டிப் பார்க்காமல் எந்தக் காருக்கும் அவர் சான்றிதழ் கொடுத்ததில்லை.

"ஒரு சின்ன பரிசோதனை. தம்பி, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாருங்க."

பார்த்தார்கள். "மாத்திரை போட்டுக்கிட்டியா?" என்று ஒருவர் கண்ணால் கேட்டார். "இன்னும் இல்லை" என்று மற்றவர் கண்ணாலேயே சொல்லித் திட்டு வாங்கினார்.

"மின்சாரமே இல்லையே. சரி, மணிக்கட்டைப் பிடிங்க. சட்டுனு பிடிக்கணும்."

கட்டிடமே பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் கிரீஸ் கையைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கூச்சம் பிடுங்கித் தின்றது. கை நீளவில்லை.

அம்மையாருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"என் மனசாட்சிப்படி சொல்லணும்னா, ஆதாரம் பத்தாது. மழை இல்லை, குடை இல்லை. ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் தடுக்கி விழலை. ஒரே வீட்டுல இருக்காங்க, ஊசி மாத்திரை பாத்துக்கறாங்க, சண்டை போட்டுக்கறாங்க. இதுல காதல் எங்க இருக்கு? எனக்குத் தெரியலை."

"அப்படிப் பாத்தா நாமளும்தான் காலி பண்ணணும்," என்றார் பின்வரிசையில் இருந்த கணவர். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். கூட்டம் முடிந்து அவர் அதே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைத் தலைவர் பெருமையோடு சுட்டிக்காட்டினார்.

காலி செய்யும் நாள் வந்தது. அன்றைக்குத்தான் அம்மையாரின் தொடருக்குக் கடைசிப் பகுதியும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மடியில் துண்டோடு உட்கார்ந்தார். திரையில் விமான நிலையம். இரண்டு பையன்கள். ஒருவன் போகிறான், மற்றவன் நிற்கிறான். அம்மையார் மூக்கைச் சிந்தத் தொடங்கினார்.

கீழே இரண்டு வேன்கள் உறுமிக்கொண்டு நின்றன. ஒன்று அக்கா வீட்டுக்கு, ஒன்று வெளியூருக்கு. படிக்கட்டில் சாமான் இறங்கும் சத்தத்தோடு பேச்சுச் சத்தமும் வந்தது.

"குக்கரை நீ எடுத்துட்டுப் போ."

"எனக்கு எதுக்கு? ரூம்ல சமைக்கக் கூடாதாம். நீயே வெச்சுக்கோ."

"அக்கா வீட்டுல நான் குக்கரைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"வெச்சுக்கோன்னா வெச்சுக்கோ. எனக்கு அதைப் பாத்தா ஞாபகம் வரும்."

"சரி. ஊசியெல்லாம் நீலப் பையில இருக்கு. நீயே போட்டுக்கக் கத்துக்கோ. கை நடுங்கினா கொஞ்சம் நிதானமா இரு."

"நீ இழுப்பு வந்தா போன் பண்ணு. ராத்திரியா இருந்தாலும் பண்ணு. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

குக்கர் கை தவறிப் படியில் உருண்டது. கணகணவென்று ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு கீழ்த்தளம் வரைக்கும் போயிற்று. திரையில் அப்போதுதான் அந்தப் பையன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தான்.

அம்மையார் துள்ளி எழுந்து ஜன்னலைத் திறந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா உங்களுக்கெல்லாம்? இங்க ரெண்டு பேரு பிரிஞ்சுக்கிட்டிருக்காங்க! வண்டியை நிறுத்துங்க முதல்ல!"

கீழே எல்லாம் நின்றது. மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். "மன்னிச்சுக்கங்கக்கா," என்று சொல்லி, இரண்டு வேன்களின் இன்ஜினையும் அணைக்கச் சொன்னார். மிச்சச் சாமான்களைச் சத்தமில்லாமல் ஏற்றினார்கள். ஒருவரிடம் ஒருவர் அதற்குமேல் பேசவும் இல்லை.

கணவர் ஜன்னலருகே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களும் பிரிஞ்சுதான்டி போறாங்க," என்றார்.

அம்மையார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போகட்டும்ங்க. இவங்களைப் பாருங்க, எவ்வளவு அழகா பிரியறாங்க!"

காதலுக்கு இப்படி ஒரு காவலர் வாய்த்தது காதல் செய்த பாக்கியம். காதலர்கள்தான் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கிறது.