ஒன்பதாம் வார்டு கவுன்சிலர்

நகராட்சிக் கூட்டம் பதினொரு மணிக்கு. பாண்டீஸ்வரன் வெள்ளைச் சட்டையில் பைக்கை உதைத்த நேரம் பார்த்தா தெருக்குழாய் நின்று போக வேண்டும்?

எதிர்வீட்டு சாபிரா காலிக் குடத்தோடு வந்து மறித்தாள். "கவுன்சிலரே, தண்ணிக்கு வழி பண்ணாம எங்கன போறீக?"

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஒன்பதாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது, ஜெயித்தது அவர் மனைவி ஞானசெல்வி. அதெல்லாம் சின்ன விவரம் என்பது பாண்டீஸ்வரனின் எண்ணம்.

வார்டுக்கு வந்த நிதியை எதற்குச் செலவழிப்பது என்று இன்றைக்குத்தான் தீர்மானம். ஞானசெல்விக்குப் புதுக் குடிநீர்க் குழாய் வேண்டும். இவருக்கோ ரோட்டு முனையில் அலங்கார வளைவு. "கூடலூர் போற ஜீப்பெல்லாம் எங்கப்பா பேரைப் படிச்சிட்டுத்தான் போகணும். நீ முன்னால போ. நான் வந்து கண்ணைக் காட்டுன பெறகு கையத் தூக்கு" என்று மனைவியை அனுப்பியிருந்தார்.

"இந்தா, ஒரு நிமிசத்துல சரி பண்ணிருவோம்" என்று நகராட்சிக் குழாய் பிட்டர் அம்மாவாசியை வரவழைத்தார்.

அம்மாவாசி குழியில் இறங்கி வால்வைத் திருகினார். குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. குழிதான் நிறைந்தது.

"தள்ளுய்யா, ஒனக்குத் திருகவே தெரியல!" பாண்டீஸ்வரன் ஸ்பேனரைப் பிடுங்கி ஒரே முறுக்கு முறுக்கினார். துருப்பிடித்த குழாய் படாரென்று உடைந்து அவர் நெஞ்சில் பீய்ச்சியது.

"அய்யோ, விட்ராதீகண்ணே! விட்டா ரோடே பேந்துரும்!" என்று அலறி, ஒரு சாக்கைக் கொடுத்தார் அம்மாவாசி.

மனுஷர் சாக்கை அழுத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். போன் சட்டைப்பையில் குளித்துக்கொண்டிருந்தது.

"சாபிரா, எங்க வீட்டம்மாவுக்குப் போன் போடு!"

"எடுக்க மாட்டேங்குறாகளே."

"இருக்கட்டும். நான் போகாம அங்கன ஒரு தீர்மானமும் நகராது" என்றார், மூக்கில் தண்ணீர் வடிய. நம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

வெகுநேரம் கழித்து சாபிராவின் போன் அடித்தது. காதில் வைத்தவள் கத்தினாள். "ஆல் பாஸாம்! புதுக் குழாய்க்கு எல்லாரும் கையத் தூக்கிட்டாகளாம்!"

அம்மாவாசி சாவகாசமாக எழுந்து போய், தெருக்கோடியில் இன்னொரு வால்வை மூடினார். பீய்ச்சல் நின்றது.

பாண்டீஸ்வரன் சாக்கை வீசியெறிந்தார். "யோவ்! அங்கன ஒரு வால்வு இருக்குன்னு ஏன்யா சொல்லல? யாரைக் கேட்டு என்னைய இங்கன ஒக்கார வச்ச?"

"கவுன்சிலரைக் கேட்டுத்தாண்ணே. காலையில தெருக்குழாய அடைச்சதுகூட கவுன்சிலர் சொல்லித்தான்."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

அம்மாவாசி ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"நீங்க இல்லண்ணே. கவுன்சிலர்."