ஏழாவது கேள்வி

"ஒருத்தர்கூடவா சேரல?" சமுதாயக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒருத்தர்கூட இல்ல," என்றார் அமைப்பாளர்.

முதுகில் 'தெருச் சண்டைத் தடுப்புத் திட்டம்' என்று அச்சடித்த மஞ்சள் பனியனோடு ஒரு மாதமாக நாயாய் அலைந்திருந்தார் மனிதர். பாலத்துத் தெரு இளைஞர்களுக்கும் டிப்போ தெரு இளைஞர்களுக்கும் மூன்று வருஷமாக அடிதடி. சண்டை மூண்டால் புகுந்து விலக்கிவிட, இரண்டு தெருவிலிருந்தும் இருபது பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் வருகிறார். இருபது தலை தெரியவில்லை என்றால் திட்டத்துக்கு மூடுவிழா.

"எப்படியாவது சேருங்க சார்," என்றாள் அக்கா. அவள் மகன் 'கண்ணாடி'தான் பாலத்துத் தெருவின் தலை. போன மாதம் அந்தத் தலையில் ஒன்பது தையல். "அடுத்த தடவை அவன் வீடு திரும்புவானோ மாட்டானோன்னு வயித்துல நெருப்பு. அது சரி, உங்க படிவத்துல அந்த ஏழாவது கேள்வி எதுக்கு?"

ஏழாவது கேள்வி அமைப்பாளரின் சொந்தச் சரக்கு: 'உங்கள் பகுதியில் சண்டையை மூட்டிவிடுவது யார்?'

"அதுதான்க்கா உயிர்நாடியே!"

"இவங்க அவங்கன்னு எழுதுவாங்க. அவங்க இவங்கன்னு எழுதுவாங்க. இதுக்கு ஒரு காகிதம் கேடு."

"ரெண்டு தெருவும் என்னிக்கு ஒரே பதிலை எழுதுதோ, அன்னிக்கு நம்ம திட்டம் ஜெயிச்சுதுன்னு வச்சுக்குங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை டிப்போ தெரு மெக்கானிக் கடைக்குப் போனார். அந்தத் தெருவின் தலையான 'நெட்டை', ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தான்.

"அவனுங்க வர்ற இடத்துக்கு நாங்க வரமாட்டோம் சார்," என்று வண்டிக்கு அடியிலிருந்தே பதில் வந்தது.

அமைப்பாளருக்கு நாக்கில் சனி. "வராட்டி போ தம்பி. பாலத்துத் தெருவுல பன்னெண்டு பேர் குடுத்தாச்சு."

நெட்டை சரேலென்று வெளியே வந்தான். "பன்னெண்டா? எங்க தெருவுல பதினஞ்சு எழுதிக்குங்க!"

அங்கிருந்து ஓட்டமாக ஓடிக் கண்ணாடியைப் பிடித்தார். "டிப்போ தெருவுல பதினஞ்சு பேராமே!"

"பதினஞ்சுதானா? எங்க பக்கம் இருபது!"

ராத்திரி அவருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. காலையில் பயத்தில் இறங்கவில்லை. இத்தனை பேரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் நின்றால் என்ன ஆகும்? சண்டைத் தடுப்புத் திட்டத்தின் செலவிலேயே ஊர் காணாத சண்டை நடக்கும்!

உடனே ஒரு யோசனை செய்தார். இவர்களுக்குக் கூடம், அவர்களுக்குப் பக்கத்து அறை, தனித்தனி வாசல். இரண்டு தலைகளுக்கும் தனித்தனியாகப் போன் போட்டார். "நீங்க நிம்மதியா வாங்க தம்பி. அவனுங்க வரல, பயந்துட்டானுங்க."

சனிக்கிழமை மூன்றரைக்கு இரண்டு வாசலிலும் கூட்டம் நெரிந்தது. இரண்டு அறையும் நிரம்பின. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்ம, இந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"அக்கா, நடுக்கதவைத் தாழ்ப்பாள் போடுங்க!"

"அதுக்குத் தாழ்ப்பாள் போய் ரெண்டு வருஷமாச்சே சார். மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

அதற்குள் கதவு படாரென்று திறந்துகொண்டது. "யாருடா பயந்தது?" என்று கண்ணாடி கத்தினான். "அதையேதான் நானும் கேக்கறேன்!" என்று நெட்டை கத்தினான். அமைப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே மேடத்தின் கார் வந்து நின்றது.

"வெயில்ல வந்திருக்கீங்க மேடம், தண்ணி குடிங்க," என்றார். "தோட்டத்தைப் பாருங்க. கொடிக் கம்பத்தைப் பாருங்க."

"ஆளுங்களைக் காட்டுங்க சார்."

உள்ளே பேச்சுமூச்சு இல்லை. முடிந்தது கதை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடி கதவைத் தள்ளினார்.

நாற்பத்துமூன்று பேர் ஒரே கூடத்தில் தோளோடு தோள் இடித்துத் தரையில் உட்கார்ந்து படிவம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி எழுதி முடித்த பேனாவை நெட்டை கை நீட்டி வாங்கினான். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவரோரம் நின்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடம் அசந்துபோனார். "எத்தனையோ ஊர் பார்த்துட்டேன், இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்ல! இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் திட்டம் தொடரும். எப்படி சார் சாதிச்சீங்க?"

"எல்லாம் அணுகுமுறைதான் மேடம்," என்றார் அமைப்பாளர். பனியனுக்குக் காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பார்.

அக்கா படிவங்களை அடுக்கி எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க சொன்ன அந்த நாள் வந்தாச்சு சார். ஏழாவது கேள்விக்கு ரெண்டு தெருவும் சேர்ந்து, நாப்பத்திமூணு பேரும் ஒரே பதிலை எழுதியிருக்காங்க: 'மஞ்ச பனியன் போட்ட சார்.'"