மோசேயின் எட்டாவது கேசட்

தான் அனுப்பிய செய்தியைச் சார்லி மூன்றாம் முறையாகப் படித்தான்.

“மோசே கேசட் பதினொண்ணு வந்துட்டு எட்டு மட்டும் இல்ல எட்டு கிடைச்சாத்தான் கல்யாணம்.”

அவன் போனிடம் சொன்னது மோசே அல்ல, மீசை. அனுப்ப நினைத்தது தூத்துக்குடியில் இருக்கும் அக்கா நான்சிக்கு, அதுவும் விளையாட்டாக. நான்சி என்றது போனுக்கு நேசன் என்று கேட்டதில், போய்ச் சேர்ந்தது ஆரணியிலேயே, நாலு தெரு தள்ளி, அவனுக்குப் பெண் கொடுக்கப்போகும் தேவநேசனுக்கு.

இரண்டு நீல டிக் விழுந்திருந்தது.

சார்லி ஆரணிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. லோகநாதன் என்பவரிடம் வேலை. பட்டுச்சேலைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஊருக்கு அனுப்பும் செய்தியை எல்லாம் வாயால் சொல்லிவிடுவான், போன் எழுதிக்கொள்ளும். போனுக்கு அவன் ஊர்த் தமிழ் அரைகுறையாகத்தான் விளங்கும். போன மாதம் “சளி போயிட்டு” என்று அம்மாவுக்குச் சொன்னான். போன் “சார்லி போயிட்டு” என்று எழுதியது. அம்மா பக்கத்து வீட்டையெல்லாம் கூட்டி அழுதுவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டார். போனை எடுத்தது சார்லியே என்றதும் இன்னொரு தடவை அழுதார்.

மீசை என்பது மீசை முயல். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த கார்ட்டூன். அந்த முயலுக்குத் தன்னைவிட நீளமான மீசை. வாராவாரம் அது எங்காவது மாட்டிக்கொள்ளும். ஆரணிக்கு வந்த புதிதில், பழைய இரும்புக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேசட் கிடந்தது. யாரோ அந்தத் தொடரை டிவியிலிருந்து பதிவு செய்து, முதுகில் காகிதம் ஒட்டி, ‘மீசை முயல் – 3’ என்று நீல மையில் குண்டாக எழுதி, எண்ணுக்கு அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். போளூரில் இரண்டு, தேவிகாபுரத்தில் ஒரு வீட்டுப் பரணில் மூன்று, வேலூர் சந்தையில் மீதி. எல்லாவற்றிலும் அதே நீல மை, அதே கோடு. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சேர்ந்துவிட்டது, எட்டைத் தவிர.

ஏழின் கடைசியில் முயல் கிணற்றுக்குள் விழுகிறது. ஒன்பதின் தொடக்கத்தில் பலூனில் பறக்கிறது. கிணற்றிலிருந்து பலூனுக்கு எப்படிப் போனது? இந்தக் கேள்வியோடு சார்லி இரண்டு வருடம் வாழ்ந்துவிட்டான்.

தேவநேசனின் மகள் லிடியாவுக்கு இது தெரியும். முப்பது வயது ஆள் முயல் படம் சேர்ப்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவைத்ததும் அவள்தான்.

போன் அடித்தது. தேவநேசன்.

தேவநேசன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், சபையில் கமிட்டி உறுப்பினர். மூடநம்பிக்கையை ஒழிப்பது அவருக்குப் பிடித்த பொருள். ராகுகாலம், சகுனம், ராசிக்கல் எதைப் பற்றியும் நிறுத்தாமல் பேசுவார். செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தை வேண்டாமே என்று சார்லியின் அம்மா ஒரு தடவை மெதுவாக இழுத்தார். தேவநேசன் விளக்கி முடிப்பதற்குள் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒன்றரைக் கிலோ மீன் ஆய்ந்து முடித்திருந்தார்.

“தம்பி, மெசேஜ் பாத்தேன்.”

“மாமா, அது வந்து...”

“ஒண்ணும் சொல்லாதீங்க. உங்கள நான் தப்பா நெனச்சிகினு இருந்தேன். எந்நேரமும் போன நோண்டிகினு இருக்குற புள்ளன்னு. மோசேயப் பத்தி பதினொரு பிரசங்கம் சேத்து வெச்சிகினு, எட்டாவது கெடைக்குற வரைக்கும் கல்யாணமே வேணாம்னு பொருத்தனை பண்ணியிருக்கீங்களே. இந்தக் காலத்துல யாருங்க இப்படி?”

உண்மையைச் சொல்ல சார்லிக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவன் கண்முன் முயல் வந்து மீசையை முறுக்கியது.

“ஆமா மாமா” என்றான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பொருத்தனை என்பது கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு, அதில் மனிதர் கைவைக்கக் கூடாது என்றார் தேவநேசன். ஞாயிற்றுக்கிழமை தேதி குறிப்பதாக இருந்ததை நிறுத்திவிட்டார். எட்டு கிடைத்த பிறகுதான் தேதி.

ஐந்து நிமிடத்தில் லிடியா கூப்பிட்டாள்.

“எங்கப்பா கண்ணத் தொடச்சிகினு உக்காந்திருக்காரு. இன்னா பண்ணீங்க?”

சொன்னான்.

“நான் கட்டிக்கப் போறது உங்களையா, உங்க போனையா?” என்றாள் லிடியா.

ஞாயிறு ஆராதனையில் விஷயம் அறிவிப்பாக வந்தது. மோசே பிரசங்கம், எட்டாம் கேசட், வைத்திருப்பவர்கள் தந்து உதவவும். புதன்கிழமைக்குள் சார்லியின் அறையில் இரண்டு சாக்கு கேசட் சேர்ந்தது. கல்யாணம் பதினான்கு, காதுகுத்து ஆறு, யாருடையதென்றே தெரியாத வளைகாப்பு ஒன்று. தேவிகாபுரத்துக்காரர் ஒருவர், கிளி விரட்ட நிலக்கடலைக் கொல்லையில் கட்டியிருந்த டேப்பையே பந்தாகச் சுருட்டிக் கொண்டுவந்து, இதில் இருக்கலாம் என்றார்.

லிடியா ஒரு வழி சொன்னாள். சாக்கில் ஒன்றும் எழுதாத கேசட் ஒன்றை எடுத்து எட்டு என்று எழுதி, கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுவது. சொல்ல வேண்டியதுதானே, யார் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

சார்லி எழுதினான். சொன்னான். தேவநேசன் ஸ்தோத்திரம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டில் ஜெபக்கூட்டம், அதில் எட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு அங்கேயே தேதி குறிப்போம் என்றும் சொன்னார்.

தன் பிளேயர் கெட்டுவிட்டது, படமே வருவதில்லை என்றான் சார்லி. உள்ளபடியே கொஞ்சம் கெட்டுத்தான் இருந்தது. தேவநேசன் அதைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, மேல்மூடியைக் கழற்றி, வெள்ளைத் தாளில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே எதையோ இரண்டு சுற்றுத் துடைத்து, ஒரு ரப்பர் வளையத்தை விரலாலேயே இழுத்துப் போட்டார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. பத்தே நிமிடம். படம் பளிச்சென்று வந்தது.

“மோட்டார் மெக்கானிக்குக்கு இதெல்லாம் எப்படி மாமா தெரியும்?”

அவர் மனைவி சகாயம்மாள் அதிகம் பேசாதவர். அன்றைக்குக் கதவருகே நின்று வாயைத் திறந்தார்.

“இவருக்கா? இவரு அந்தக் காலத்துல...”

“சகாயம், தம்பிக்கு டீ போடு” என்றார் தேவநேசன்.

இனி எட்டில் மோசே இருந்தே ஆக வேண்டும். சார்லி போனில் ஒரு பிரசங்கத்தைத் தேடிப் பிடித்து, வயர் மாட்டி, அந்தக் கேசட்டில் ஏற்றினான். அந்த வாரம் முழுக்க அவன் கை ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமும் இருந்தது. லோகநாதன் புது பார்டரைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தம்பி, இது அன்னப்பட்சி தானே?”

“ஆமாண்ணே.”

“அன்னப்பட்சிக்கு எதுக்குப்பா மீசை?”

சனிக்கிழமை கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள். பன்னிரண்டு கேசட்டையும் வைத்து ஜெபிக்க வேண்டும் என்று தேவநேசன் சொல்லியிருந்தார். பெயர் தெரியக் கூடாதென்று சார்லி எல்லா உறைக்கும் பள்ளி நோட்டுக்குப் போடுவதுபோல் பழுப்புத்தாள் சுற்றி, எண் மட்டும் எழுதிக் கொண்டுவந்திருந்தான். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சார்லி எட்டை எடுத்து நீட்டினான்.

“இருங்க தம்பி. ஏழுல எங்க நிறுத்தினாங்கன்னு தெரியாம எட்டு எப்படிப் புரியும்? ஏழு கடைசில கொஞ்சம் கேட்டுட்டுப் போவோம்.”

“வேண்டாம் மாமா, ஏழு அவ்வளவு நல்லா இல்ல.”

“மோசேயில நல்லா இல்லாதது எதுங்க?”

கண்ணாடி சட்டைப்பையில் இருக்க, தேவநேசன் ஏழை உறையிலிருந்து உருவிப் பிளேயருக்குள் தள்ளினார்.

திரையில் முயல் வந்தது. மீசையின் ஒரு முனை கிணற்று ராட்டினத்தில் சுற்றியது. ராட்டினம் உருண்டது. முயல் கைகாலை உதறிக்கொண்டு தலைகீழாகத் தண்ணீருக்குள் போனது. குமிழி வந்தது.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“இது நைல் நதிங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

லிடியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சார்லி எழுந்து நின்றான். போனை, மீசையை, அக்காவுக்குச் சொன்ன வேடிக்கையை, சாக்கிலிருந்து எடுத்த கேசட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

தேவநேசன் ஏழை வெளியே எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தை, அந்தக் குண்டான நீல எழுத்தை, அடிக்கோட்டை வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு கேசட்டைக் குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் போயிற்று என்று சார்லி முடிவு செய்தான்.

“பொய் சொன்னது தப்புதான் மாமா. நான் காட்டின எட்டு என் கையால எழுதினது. நெசமான எட்டு எனக்குக் கிடைக்கவே இல்ல. எத்தன வருசம் ஆனாலும் நான் அதத் தேடி...”

“தேடாதீங்க” என்றார் தேவநேசன் சட்டென்று.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மோசேன்னு நீங்க சொல்லல. போனு சொல்லிச்சு. போனு பண்ணுறதெல்லாம் பொருத்தனையா? கெடையாது. வேடிக்கையா பேசினதப் போயி பேஜார் ஆக்கிகினு இருக்கோம். இன்னைக்கே தேதி வெச்சிடலாம். அந்த கேசட்ட எல்லாம் பையில போடுங்க தம்பி, ஜல்தி.”

கூட்டம் அசந்துபோனது. இவ்வளவு பெரிய மனசா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சார்லிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா ஒரு முயலுக்காக இரண்டு வாரம் ஏமாற்றினோம் என்று இருந்தது.

“இல்ல மாமா. நீங்க மன்னிச்சாலும் என் மனசு கேக்காது. இப்ப நெசமாவே பொருத்தனை பண்ணுதேன். அந்த எட்டக் கண்டுபிடிச்சு உங்க கையில குடுத்துட்டுத்தான் தாலி கட்டுவேன்.”

“ஐயோ, வேணாங்க” என்றார் தேவநேசன்.

சகாயம்மாள் டீத் தட்டைக் கீழே வைத்தார். ஒரு டம்ளரை எடுத்துச் சார்லியிடம் நீட்டினார்.

“எங்கேர்ந்து தம்பி கண்டுபிடிப்பீங்க? வீடியோ கடை வெச்சிகினு இருந்தப்ப, எட்டு ராசியில்லாத நம்பருன்னு ஏழுக்கு அப்புறம் நேரா ஒம்பது எழுதினதே உங்க மாமாதான்.”