பாகூரில் ஒரு கொடியேற்றம்

புதுசாகக் கார் வாங்கியவரிடம் "வண்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது. நானும் அந்த ரகம்தான். வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். குக்கருக்கு கேஸ்கட் வாங்க வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்து என் வண்டியின் பெருமையைச் சொல்லி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. (கேஸ்கட் வியாபாரம் படுத்ததற்கு அது காரணம் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.)

ஆனால் வண்டி அப்படி! சொகுசு வண்டிதான், ஆனாலும் கையடக்கம். ஒரு பக்கம் பூக்கடை, மறுபக்கம் மாடு என்று கிடக்கிற எங்கள் கோயில் வீதியில் ஒரே மூச்சில் திருப்பிவிடலாம். உயரமும் இருக்கிறது. கரும்பு டிராக்டர் குதறிவிட்டுப் போன ரோட்டில்கூட அடி தட்டாது. சீட்டுக்குள்ளிருந்து முதுகுக்குக் குளுகுளுவென்று காற்று வரும். வருஷக்கணக்காகக் கல்லாவில் உட்கார்ந்து வேர்த்த முதுகு, முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கி எச்சரிக்கும். (எங்கள் பக்கத்து ரோட்டில் கோடே கிடையாது, அதனால் அது பாவம் சும்மா இருக்கும்.)

எல்லாவற்றுக்கும் மேலே அந்த டிக்கி. பட்டனை அழுத்தினால் தானாகத் திறக்கும், தானாக மூடும். அவசரமே கிடையாது, புதுப்பெண் நடக்கிற மாதிரி. அந்த டிக்கிதான் பாகூரில் ஒரு பெரிய மனிதரின் மானத்தை வாங்கியது.

என் தம்பி குமரன் தங்கமான பையன். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டான். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் "பையன் நல்லாத்தான் இருக்காரு, ஆனா பேசவே மாட்றாரே" என்று இழுத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். அப்பா அம்மா இல்லாத பையனுக்கு அக்கா நான்தான் எல்லாம். பாகூர் சம்பந்தமும் தட்டிப்போனால் இனிமேல் எந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். (அதைச் சொல்லத்தான் அந்த வாரம் வாயைத் திறந்தான்.) எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி பேசாவிட்டால் என்ன, வண்டி பேசட்டும் என்று முடிவு பண்ணினேன். முகூர்த்த நாள், கடையை மூட முடியாது என்று வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். நானும் தம்பியும் மட்டும் கிளம்பினோம். டிக்கியில் எங்கள் கடையிலேயே பெரிய எவர்சில்வர் தாம்பாளம், அது நிறைய பழம், பூ, வெற்றிலை. தாம்பாளத்தின் அடியில் 'அன்பளிப்பு' என்று போட்டு என் பேரையும் வெட்டச் சொல்லியிருந்தேன், கொட்டை எழுத்தில்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். கரும்பு விவசாயி. தெருவில் ஒரு வம்பு வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சலவை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு.

"வாம்மா, உள்ள வாங்க."

நான் டிக்கியைத் திறந்து தாம்பாளத்தை எடுத்தேன். "இருங்கண்ணே, இதப் பாத்துட்டுப் போலாம். இந்தத் தட்ட ஒரு நிமிஷம் புடிங்க."

மனிதர் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு டிக்கியை ஒட்டியே நின்றார். நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

"கையே வெக்க வாணாம்ணே. நீங்க பாத்துக்கினே இருங்க."

அழுத்தினேன். டிக்கி மெல்ல இறங்கியது. "ஐய, இன்னாமா தானா மூடுது!" என்று எதிர்வீட்டு அம்மா வாயைப் பிளந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிக்கி மூடியதும் பெண்ணின் அப்பா வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு அடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மா... வேட்டி."

"இன்னாண்ணே?"

"வேட்டி மாட்டிக்கிச்சு."

வேட்டி முனை டிக்கியின் பூட்டுக்குள் போயிருந்தது. மூளை உள்ள எவளும் முதலில் அந்தத் தாம்பாளத்தை அவர் கையிலிருந்து வாங்கியிருப்பாள். நான் பட்டனை அழுத்தினேன்.

பூட்டுப் பல்லில் சிக்கிய துணி விடவில்லை. டிக்கி மேலே போகப் போக வேட்டியும் மேலே போனது. அதுவும் நிதானமாக, டிங் டிங் என்று மரியாதையாக மணியடித்துக்கொண்டு. "நிறுத்தும்மா! ஐயோ, நிறுத்து!" என்றார் அவர். பதறிப்போய் மறுபடி அழுத்தினேன், நின்றது. அந்த நேரத்திலாவது சும்மா இருந்தேனா? இன்னொரு தடவை அழுத்தினேன். வேட்டி முழுசாக அவரைவிட்டுப் பிரிந்து உச்சியில் போய்த் தொங்கியது. கீழே நீலக்கோடு போட்ட அரை டிராயர்.

"கொடியேத்தம் ஆயிடுச்சுடி" என்றார் எதிர்வீட்டு அம்மா. தெருவே சிரித்தது.

அவர் தாம்பாளத்தைக் கவிழ்த்தார். ஆப்பிளும் சாத்துக்குடியும் தெருவில் உருண்டு ஓடின. காலித் தாம்பாளத்தை அப்படியே முன்னால் வைத்து மறைத்துக்கொண்டார். அடிப்பக்கம் தெருவைப் பார்த்தபடி இருந்தது. 'அன்பளிப்பு.' கீழே என் பேர்.

அப்போதுதான் காரின் முன்பக்கத்திலிருந்து குமரன் பாய்ந்து வந்தான். அவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா வேடிக்க இங்க? உங்க வூட்டு அப்பாவா இருந்தா இப்டி நின்னு சிரிப்பீங்களா? போங்க, அவங்கவங்க வூட்டுக்குப் போங்க!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அடுத்தது என் பக்கம் திரும்பினான். "அக்கா! அந்தப் பட்டன மொதல்ல வுடு!"

அவனுக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது கூடப்பிறந்த எனக்கே தெரியாது. துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றி, தோளோடு அணைத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். குமரன் பழையபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பாவி, என் பீத்தலால் என் தம்பி வாழ்க்கை போச்சே என்று எனக்குக் கண்ணீர் முட்டியது. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வேட்டிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பெல்ட், கடைசி ஓட்டை வரைக்கும் இறுக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் காபித் தட்டோடு வந்த பெண் கலைவாணி 'புர்'ரென்று சிரித்துவிட்டாள். காபி பாதி தட்டில்.

"அப்பா, எனக்குச் சம்மதம்."

"இரும்மா, பையன் இன்னும் ஒரு வார்த்த பேசலயே."

"தெருவுக்கே கேட்டுச்சேப்பா!"

நான் அழுதேவிட்டேன். குமரன் காதுவரைக்கும் சிவந்துபோனான்.

வண்டி இன்னமும் ராஜா மாதிரி ஓடுகிறது. சத்தமில்லை, முதுகுக்குக் குளுமை குறையவில்லை, டிக்கியும் அதே நிதானம்தான். சம்மந்திக்கு எங்கே போவதென்றாலும் என் வண்டிதான் வேண்டும், அதிலும் முன் சீட்டுதான். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி டிங் டிங் என்று மணியடிக்கும்.

"சம்மந்தி, பெல்ட் போடுங்க" என்பேன்.

அவர் சட்டையைத் தூக்கி அந்தப் பச்சை பெல்ட்டைக் காட்டுவார். "உன் வண்டி வருதுன்னு தெரிஞ்சா, வூட்லயே போட்டுக்கினுதாம்மா வருவேன்!"